கடைத் தராசில் நாமும் ஏறுவோம்

பிள்ளைப்பாக்கம் சிப்காட் ஷிப்டுக்கு முன்பே கடை திறக்கும் வணிகர்களே, இதயம் பலவீனமான பின்பும் கல்லாவில் அமர்வது தவறல்ல. வியாபார நேரத்தில் அடிக்கடி எழுந்து போகவேண்டுமே என்று நீர் மாத்திரையை விடுகிறோமே, அதுதான் வினை.

திருவனந்தபுரத்தில் 2013-இல் இதயச் செயலிழப்புடன் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு 59 பேர் மாண்டனர். உரிய மருந்துகள் பெற்றோரிடம் மரணம் குறைவு. முதுமை, சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவைதான்; வயதை யார் குறைக்க முடியும்? மாத்திரையோ நம் கையில்!

மாத்திரை வேளையை மாற்றலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். ஊறுகாய், அப்பளத்தை விற்பதோடு நிறுத்துங்கள். தினமும் காலையில் மூட்டைத் தராசில் ஏறி எடையைக் குறியுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் தேங்குகிறது. அன்றே ஷட்டரை இறக்கிவிட்டு டாக்டரிடம் போங்கள்.