முகமூடியும் ஐம்பதாவது வார்ப்பும்

திரையில் வரும் சூப்பர் ஹீரோவுக்குப் பட்டப்பெயரும் தனி உடுப்பும் வேண்டுமா என்ற கேள்வியைப் பொம்மைத் தொழில் இதுவரை சினிமாக்காரர்களிடமே விட்டுவைத்திருந்தது. 2025 ஏப்ரல் 15 அன்று கிரையோகாஸ் எக்விப்மென்ட் – ஐநாக்ஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு அப்படி ஒதுங்கி நிற்க முடியாது. அந்த வழக்கு திரவ எரிவாயு ஏற்றும் டிரெய்லர்களின் உட்பாக வரைபடங்களைப் பற்றியது. அதில் முகமூடியும் இல்லை, பொம்மையும் இல்லை. ஆனாலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படிக்க அது வகுத்த முறை, அச்சில் வார்த்து விற்கும் ஒவ்வொரு பட்டறையையும் தொடுகிறது. விருத்தாசலத்தில் பியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் செய்பவர்களுக்கு இதில் கவலை குறைவு. பொம்மை செய்பவர்களுக்கு மிகுதி.

பட்டப்பெயரும் உடுப்பும் ஆளை மறைக்கவும் செய்யும், ஆளை அடையாளம் காட்டவும் செய்யும். கதைக்கு மறைப்பு போதும். 1954-இல் வந்த ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆர். கள்ளனாகவும் வணிகர் அப்துல் ரஹீமாகவும் மாறி மாறி வந்தார். யாரும் அதைச் சூப்பர் ஹீரோ படம் என்று சொல்லவில்லை, ஆனால் இரட்டை வாழ்க்கை முழுதாக அதில் இருந்தது. 1972-இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவிக்கு உடுப்பே தேவைப்படவில்லை. உடல் மறைந்தபின் வெளியே தெரியும் இரும்புக் கை ஒன்றே அவன் முத்திரை. ‘கந்தசாமி’ (2009) சேவல் வேடத்தையும், ‘முகமூடி’ (2012) தலைப்பிலேயே உள்ள முகமூடியையும், ‘ஹீரோ’ (2019) தூர்தர்ஷன் சக்திமானை நேசித்து வளர்ந்த ஒருவனின் முகமூடியையும் நம்பின. மலையாள ‘மின்னல் முரளி’யில் (2021) நாயகனே தையற்காரன்.

2023-இல் தமிழில் இரண்டு படங்கள் எதிரெதிர்த் திசையில் போயின. ‘வீரன்’ படத்து இளைஞன் மின்னல் தாக்கிப் பெற்ற சக்தியை ஊர்க் காவல் தெய்வத்தின் வேடத்தில் ஒளித்துக்கொள்கிறான். ‘மாவீரன்’ படத்துச் சத்யாவுக்கு உடுப்பு கிடையாது. அவன் படக்கதை ஓவியன். தலைக்குள் ஒரு குரல் கேட்கிறது, அதன்படி நடக்கிறான். படம் ரசிகர்களிடம் எடுபட்டது. ஆகவே திரைக்கு உடுப்பு கட்டாயமில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பொம்மைக்கு அப்படி ஒப்புக்கொள்ள முடியாது. தலைக்குள் கேட்கும் குரலை எந்த அச்சிலும் வார்க்க வழியில்லை.

தெய்வ உருவம் செய்து பழகிய கைகளுக்கு இது தெரிந்த சங்கதி. முருகனை முகத்தை வைத்து யாரும் கண்டுகொள்வதில்லை. வேலும் மயிலும் சேவற்கொடியும்தான் சொல்கின்றன. அய்யனார் என்றால் மீசை, குதிரை. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் முருகனாக வணங்கப்படும் கொளஞ்சியப்பர் உருவமில்லாமல் பலிபீட வடிவில் இருக்கிறார். மக்கள் அவரிடம் பிராது எழுதிக் கட்டுகிறார்கள். (‘கந்தசாமி’யிலும் கோயில் மரத்தில் மனுக் கட்டிய பிறகுதான் சேவல் வேடக்காரன் வருகிறான்.) கொளஞ்சியப்பர் பொம்மை கேட்டு வருபவருக்கு இவ்வூர்ப் பொம்மைக்காரர் எடுத்துத் தரக்கூடியது வேல் பிடித்த முருகனைத்தான். வழிபாட்டுக்கு உருவம் வேண்டாம், விற்பனைக்கு வேண்டும்.

முகத்தில் அடையாளத்தை ஏற்ற முடியாததற்குக் காரணம் மண்ணும் சூடும். ஆறு அங்குலப் பொம்மையின் முகம் ஏறத்தாழ ஓர் அங்குலம். ஸ்லிப் (களிமண் கரைசல்) ஊற்றி எடுத்தது உலர்ந்து சூளையில் வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குகிறது. கிளேஸ் (பளபளப்புப் பூச்சு) ஏறியதும் இமையும் மூக்கு விளிம்பும் மழுங்குகின்றன. அதன்பின் நடிகரின் சாயல் கண் எழுதுபவரின் தூரிகையில் கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. முகமூடியின் விளிம்பு வேறு ரகம். அச்செடுக்கும் மூல உருவான மாஸ்டரிலேயே மேடாகச் செதுக்கிவிட்டால் வண்ணம் அந்தக் கோட்டோடு நிற்கும். புதிதாக வேலைக்கு வந்தவரும் பிசகாமல் தீட்டுவார். மார்புச் சின்னமும் அவ்வாறே. மேலங்கி மட்டும் தொல்லை: பறப்பதுபோல் தனியே நிறுத்தினால் வேகும்போது வளைந்துவிடும், அச்சிலும் ஒரு துண்டு கூடும். முதுகோடு ஒட்டிச் செதுக்குவதே உத்தமம்.

பெயரும் உடுப்பும் சட்டத்தின் முன்னும் கனமானவை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த ராஜா பாக்கெட் புக்ஸ் – ராதா பாக்கெட் புக்ஸ் வழக்கில் ‘நாகராஜ்’ என்ற படக்கதை நாயகனைப் பின்பற்றி ‘நாகேஷ்’ உருவானதாகப் புகார். பெயரும் தோற்றமும் பாம்புச் சக்தியும் ஒத்திருந்ததால் ‘நாகேஷ்’ தடுக்கப்பட்டான். முகத்தை நம்பினாலும் தப்பிக்க முடியாது. பாடகர் தலேர் மெஹந்தியின் சாயலில் பாட்டுப் பாடும் பொம்மைகளை விற்றவர்களுக்கு எதிராக 2010-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், இன்னார் என்று அடையாளம் தெரிந்தாலே போதும், வாங்குபவர் ஏமாந்தார் என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை என்றது. உடுப்புள்ள ஹீரோவின் பொம்மைக்குத் தயாரிப்பாளரின் அனுமதி, உடுப்பில்லாத ஹீரோவின் பொம்மைக்கு நடிகரின் அனுமதி. இந்த இரண்டில் முதலாவது ஓரளவு தெளிவானது. பெயர், சின்னம், நிறம் என்று ஒப்பந்தத்தில் வரிசையாக எழுதிவிடலாம். ஒருவரின் சாயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுத முடியாது. பட்டறைகள் உடுப்புள்ள ஹீரோவையே விரும்ப இதுவும் ஒரு காரணம்.

பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை, 2020-ஐப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொருள்களுக்கு உரியது. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்களின் பொருளுக்கு விலக்கு உண்டு. ஒரே சூளையில் ஒரே நாளில் வெந்தாலும் கொலுப்படியில் ஏறும் தசாவதாரம் அலங்காரப் பொருளாகவும் முகமூடி வீரன் விளையாட்டுப் பொருளாகவும் பார்க்கப்படக்கூடும். பதிவு அட்டை இல்லாதவர்கள் அதை வாங்கி வைப்பது நல்லது.

இனித் தீர்ப்பு. வடிவமைப்புச் சட்டத்தில் பதியத் தகுந்த வடிவம் ஒன்றைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கினால், அதன் பதிப்புரிமை முடிந்துபோகிறது. 15(2) சொல்வது அது. உச்ச நீதிமன்றம் முதலில் படைப்பு தூய கலைப்படைப்பா, அல்லது கலைப்படைப்பிலிருந்து எடுத்துத் தொழில்முறையில் பொருளாக்கிய வடிவமா என்று பார்க்கச் சொல்கிறது. பதிப்புரிமை கிட்டாவிட்டால் அதன் முதன்மை நோக்கம் பயன்பாடா, கண்ணுக்கு அழகா என்று அடுத்து ஆராய வேண்டும். பொம்மை கண்ணுக்கானது, இரண்டாம் கேள்வியில் குழப்பமில்லை. முதல் கேள்விதான் ஆபத்து. “இது சிற்பம், கலை” என்று சொல்லிக்கொண்டு பதிவைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அந்தச் சொல் இனி அரண் ஆகாது.

திரைக்காரர்களின் உடுப்பு ஐம்பது பொம்மைக்குப் பிறகு எல்லோருக்கும் பொது என்று சிலர் மகிழக்கூடும். அவசரம் வேண்டாம். அந்தக் கேள்வி இந்த வழக்கில் எழவேயில்லை. இங்கிலாந்தில் பாப்பாய் பொம்மைகள், புரோச்சுகள் பற்றிய வழக்கில் 1941-இல் பிரபுக்கள் சபை, மூலப் படம் பொருளாக்கும் நோக்கத்தோடு வரையப்படவில்லை என்பதால் பதிப்புரிமை போகாது என்றது. அது அவர்களுடைய அன்றைய சட்டம். நம் சொற்கள் வேறு. ஆனால் பெரிய ஸ்டுடியோ எந்தத் திசையில் வாதாடும் என்பதை அது காட்டுகிறது. அதோடு ஹீரோவின் பெயரும் சின்னமும் வணிகக்குறியாகப் பதிவாகியிருந்தால் ஐம்பது என்ற கணக்கே அங்கு செல்லாது.

வணிகக்குறி என்ற அந்த இரண்டாம் அரண் விருத்தாசலத்துப் பொம்மைக்கு இல்லை. இவ்விதழ் பல்லாண்டாக எழுதிவரும் குறையும் இதுவே. நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தினால் ஒரு பிளாஸ்டர் அச்சு ஐம்பது முதல் நூறு வார்ப்பு தாங்கும். அதாவது முதல் அச்சு தேய்வதற்குள் மாஸ்டர் செதுக்கியவரின் பதிப்புரிமை தேய்ந்துவிடுகிறது. சட்டம் எழுதியவர்கள் ஐம்பது என்பதைப் பெரிய தொழிற்சாலையின் எல்லையாக நினைத்திருக்கலாம். இங்கே அது கையால் ஊற்றும் ஒரு சிறு பட்டறையின் ஒரு வார வேலை.

திருட்டு நடக்கும் விதம் தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். கடையில் ஒரு பொம்மையை வாங்கி, அதையே மாஸ்டராக வைத்து அச்சு எடுத்துவிடுகிறார்கள். வெந்த பொம்மையில் எடுத்த அச்சில் ஊற்றியது மறுபடியும் சுருங்கும். பத்து அங்குல மூலத்தின் நகல் ஒன்பது அங்குலம் சொச்சம் நிற்கும். விரல்கள் ஒட்டிப்போயிருக்கும், மாலையின் பூ மொட்டையாகியிருக்கும். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தால் நகல் எது என்று வேறு சாட்சி வேண்டாம். அவ்வளவு தெளிவான சாட்சியம் இருந்தும், பதியாத வடிவத்துக்கு உரிமை இல்லாததால் அது எங்கும் எடுபடாது.

பதிந்தவர் நிலையும் கொண்டாடத் தக்கதல்ல. பதிவு பத்து ஆண்டு, நீட்டித்தால் இன்னும் ஐந்து. தனிநபருக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். கேட்கக் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி விண்ணப்பம். ஒரு பருவத்துக்கு இருபது புது உரு இறக்கும் பட்டறைக்கு இருபது கட்டணம். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழில் மட்டும் எழுதத் தெரிந்த மாஸ்டர் சிற்பி தன் கையால் செய்த வடிவத்தைத் தன் மொழியில் பதிய இந்த நாட்டில் வழியில்லை. நகலெடுத்தவரிடம் ஒப்பந்தக் கடன்போல வசூலிக்கும் தொகைக்குச் சட்டம் போட்ட உச்சவரம்பு, ஒரு வடிவத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய்; அதற்கு மேல் வேண்டுமென்றால் இழப்பீட்டு வழக்காகத் தொடுக்க வேண்டும். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கும். எதிராளி பதிவே செல்லாது என்று ஒரு வாதம் வைத்தால் உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். கடலூரில் தொடங்கியதைச் சென்னையில் நடத்தப் பொம்மை விற்ற காசு போதாது.

சிறுதொழில் அமைச்சகத்தின் திட்டம் ஒன்று பதிவுச் செலவைத் திருப்பித் தருகிறது. பதிவு கையில் வந்தபின். முன்பணம் இல்லாதவரிடம் முதலில் செலவழித்துவிட்டு வா என்பது எந்த வகை உதவி? சூளைக்கும் எரிபொருளுக்கும் கூட்டம் போடும் அதிகாரிகள், சூளைக்குள் போகும் உரு யாருடையது என்று கேட்பதில்லை. தொழிற்பேட்டைக் கூட்டங்களில் வடிவ உரிமை பற்றிப் பேச்செடுத்தால் “பொம்மைக்குப் போய் காப்புரிமையா?” என்ற சிரிப்புதான் பதில். கற்பனை வீரன் ஒருவனின் முகமூடிக்கு நீதிமன்றங்கள் இவ்வளவு நேரம் ஒதுக்கும் நாட்டில், அந்த முகமூடியை மண்ணில் செதுக்கத் தெரிந்தவரின் சொந்த உருவுக்கு ஐம்பது வார்ப்பு ஆயுள் என்பது அநீதி. கைவினைப் பட்டறைகளுக்கு ஐம்பது என்ற வரம்பை உயர்த்த வேண்டும், விண்ணப்பத்தைத் தமிழில் ஏற்க வேண்டும், கட்டணத்தை முன்கூட்டியே அரசு ஏற்க வேண்டும்.

அதுவரை பட்டறைகள் தாமே செய்துகொள்ளக் கூடியவை சில. ஹீரோ பொம்மைக்கு அனுமதி வாங்குவோர் பெயர், உடுப்பு, சின்னம் மூன்றையும் ஒப்பந்தத்தில் தனித்தனியே குறிக்க வேண்டும். நடிகரின் முகம் தேவைப்பட்டால் அது வேறு ஒப்பந்தம். சொந்த உருவுக்கு மாஸ்டரின் அடிப்பகுதியிலேயே பட்டறையின் முத்திரையைச் செதுக்கி, அந்த முத்திரையை வணிகக்குறியாகப் பதிவது நல்லது. நகலெடுப்பவர் கவனிக்காமல் முத்திரையோடு வார்த்தால் வணிகக்குறி வழக்கே தொடுக்கலாம். அழித்துவிட்டு வார்த்தால் அழித்த தழும்பு தெரியும். பதிவுக்குப் புதுமை கட்டாயம் என்பதால், பொதுவில் காட்டிய உருவைப் பிறகு பதிய முடியாது. அறிவிக்கப்பட்ட கண்காட்சியில் வைப்போருக்கு மட்டும் 21-ஆம் பிரிவு ஆறு மாத அவகாசம் தருகிறது, அதுவும் முன்கூட்டித் தெரிவித்திருந்தால். அடுத்த நவராத்திரிக்கு மாஸ்டர் செதுக்கிக்கொண்டிருப்பவர்கள் கடைகளுக்கு மாதிரி அனுப்பும் முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும்.