குடாநாட்டு வீதிக்கு ஏற்ற கார் எது?

அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. இறக்குமதி திறந்த பின்னரும் தீர்வைகளும் வரிகளும் புதிய காரைச் சாதாரண அரச ஊழியரின் கைக்கு எட்டாத இடத்திலேயே வைத்துள்ளன. ஆகவே, யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரோ சிறு வியாபாரி ஒருவரோ 'எந்தக் கார் வாங்கலாம்?' என்று கேட்டால், பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார்களுள் எது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பல்லாண்டுச் சேமிப்பும் புலம்பெயர்ந்த பிள்ளை அனுப்பிய பணமும் இந்த ஒரு முடிவில் முடங்குகின்றன. எனவே இதனைச் சில்லறை விடயமாக நாம் கருதவில்லை.

கார் விடயத்தில் ஏனைய மாவட்டத்தார் அறியாத பாடமொன்றைக் கற்றவர்கள் குடாநாட்டு மக்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைப்பதே அரிதாயிருந்தபோது, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைந்த அந்தக் காலத்து இயந்திரங்கள் அதைத் தாங்கின. இன்றைய இலத்திரனியல் இயந்திரங்களில் அந்த வித்தை பலிக்காது. ஆனால் உள்ளூர்க் கைகளால் திருத்தக்கூடிய காரே கடைசிவரை ஓடும் என்பது இன்றும் மாறவில்லை. சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ சாவகச்சேரியிலோ உள்ள திருத்துநருக்குப் பழக்கமில்லாத காரை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கலாகாது. சிறிய கோளாறுக்கும் கொழும்புக்கு ஏற்றி அனுப்பும் செலவு அந்த மலிவை விழுங்கிவிடும். சுசுகி ஆல்ட்டோ, வகன் ஆர், ரொயோட்டா விற்ஸ் ஆகியவற்றுக்கு உள்ள மதிப்பின் இரகசியம் இதுவே.

பாதுகாப்பு என்பதே மிகவும் சிக்கலான பகுதி. தாய், தந்தை, இரு பிள்ளைகள் ஒரே மோட்டார் சைக்கிளில் பாடசாலைக்குச் செல்லும் காட்சி எமக்குப் பழகிவிட்டது. அதனோடு ஒப்பிட்டால் எந்தச் சிறிய காரும் மேலானதுதான். ஆயினும் 2014 ஜனவரியில் குளோபல் என்கப் அமைப்பு வெளியிட்ட மோதல் பரிசோதனை முடிவுகளை வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். இந்தியத் தயாரிப்பான மாருதி ஆல்ட்டோ 800, ரற்றா நனோ உட்பட ஐந்து கார்களின் காற்றுப்பையற்ற அடிப்படை வகைகள், வளர்ந்தோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரத்தையேனும் பெறவில்லை. பரிசோதனை வேகம் மணிக்கு 64 கிலோமீற்றர். எமது நாட்டில் நகர்ப்புறத்துக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகமோ 70. பரந்தனைத் தாண்டிய ஏ9 வீதியில் நள்ளிரவில் எத்தனை பேர் அந்த 70ஐ மதிக்கிறார்கள்?

காற்றுப்பையற்ற சிறிய கார் சந்தைக்கும் பாடசாலைக்கும் போய்வரப் போதும். கொழும்புக்கு இரவோட்டம் ஓட அது ஏற்றதல்ல என்பதே எமது கருத்து. நெடும்பயணத்துக்குப் பேருந்து இருக்கிறது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, இன்று புத்தளத்துக்கும் சோனகதெருவுக்கும் இடையே வாழ்வைப் பகிர்ந்துகொண்டுள்ள முஸ்லிம் குடும்பங்களின் நிலை வேறு. பிள்ளைகளோடும் சாமான்களோடும் அடிக்கடி அவ்வழியே போய்வருவோர், வயதில் சற்று மூத்ததாயினும் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பையும், சில்லு இறுகாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிறேக்கும் உள்ள காரையே தேடவேண்டும்.

காற்றுப்பை இருந்தாலும் கவனம் தேவை. ரக்காற்றா நிறுவனத்தின் காற்றுப்பைகளுக்காகப் பல ஜப்பானியக் கார்கள் உலகெங்கும் மீளழைக்கப்பட்டன. அவற்றிலுள்ள அமோனியம் நைத்திரேற்று, ஆண்டுக்கணக்கில் வெப்பத்துக்கும் ஈரப்பதனுக்கும் உட்பட்டால் கெட்டுவிடுகிறது; விபத்தின்போது மிகையாக வெடித்து உலோகத் துண்டுகளை முகத்தில் எறிகிறது. எமது காலநிலை அதற்கு வெகு பொருத்தமானது! காரின் அடிச்சட்ட இலக்கத்தைத் தயாரிப்பாளரின் மீளழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

எரிபொருள் சிக்கனத்துக்காக ரொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களை நாடுவோர் அதிகம். அதன் பற்றரி பின்னிருக்கைப் பக்கமுள்ள துவாரத்தால் இழுக்கப்படும் காற்றால் குளிர்கிறது. செம்மண் தூசி அடைத்தால் பற்றரியின் ஆயுள் குறையும். மின்சாரக் காருக்கு மேடு பள்ளமற்ற குடாநாட்டை விடச் சிறந்த நிலம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போய்வந்தாலும் 70 கிலோமீற்றருக்குள் அடங்கும். 2022 இல் கியூஆர் அட்டையுடன் வாரத்துக்கு 20 லீற்றருக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பெறுமதி புரியும். ஆனால் முதல் தலைமுறை நிசான் லீஃபின் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு இல்லை. வெப்பத்தில் அது விரைவில் தளரும். பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை எஞ்சியுள்ளன என்று பாராமல் முற்பணம் கொடுக்கலாகாது.

அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பதும் அவசியம். கடற்காற்று தகட்டை அரிக்கும். எமது சுண்ணாம்புக் கிணற்றுநீரை றேடியேற்றரில் ஊற்றிவந்த கார், கேத்தலின் உட்புறம்போலப் படிந்து வெப்பமேறும்.

வட்டி விடயமும் உண்டு. லீசிங்கில் வாங்குவோர் மாதத் தவணையை மட்டும் பாராமல், மொத்தமாக எவ்வளவு செலுத்துகிறோம் என்று கூட்டிப் பார்க்கவேண்டும். வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம் வாசகர்களுக்கு இஜாரா முறை இருக்கிறது. அங்கும் காப்புறுதிச் செலவு யாருடையது, காலம் முடிந்ததும் உரிமை எப்படி மாறும் என்பதை ஒப்பந்தத்தில் வாசித்தல் வேண்டும்.

இறுதியாக, பத்திரங்கள். பதிவு உரிமையாளர் கனடாவிலோ பிரான்ஸிலோ குடியேறிவிட, அவர் ஒப்பமிட்ட படிவத்தோடு மட்டும் கைமாறிவரும் கார்கள் இங்கு உள்ளன. பழைய லீசிங் தீர்ந்ததா, பதிவுப் புத்தகத்திலுள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் உறுதிசெய்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும்.