எது குப்பை?



எங்க தாத்தா ஊரில் குப்பை என்றால் அது ஒரு சொத்து. சாணி, சாம்பல், வைக்கோல், காய்கறித் தோல் எல்லாம் ஒரே குழியில் கிடந்து மக்கும். உழவுக்கு முன்னால் வண்டி வண்டியாக வயலுக்குப் போகும். "இந்த வருஷம் உங்க குப்பையை எனக்குக் கொடுங்க" என்று பக்கத்துக் காட்டுக்காரர் பணத்தோடு வந்து நிற்பார். நம் கல்லூரியிலும் தினமும் குப்பை சேர்கிறது. ஆனால் அதை யாரும் கேட்டு வருவதில்லை. ஏன்?

இதற்கான பதில் எனக்குப் போன செமஸ்டரில், மெஷின் ஷாப்பில் கிடைத்தது. கூட்டிப் பெருக்கும் அக்கா, நிரம்பி வழிந்த டப்பாவைக் கையால் அழுத்தினார். டீ கப்புகளுக்கு அடியில் லேத்தில் சீவிய இரும்புச் சுருள்! உள்ளங்கை கிழிந்து ரத்தம். "இதுலயா தம்பி இரும்பைப் போடுவீங்க?" என்று மட்டும்தான் கேட்டார். அன்று கடைசியாக லேத்தைத் துடைத்தவன் நான். இரும்புக்கென்று இருந்த பெட்டி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அந்தப் பத்தடிக்குச் சோம்பல்பட்டவனும் நானேதான்.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சுருள் தனியாக இருந்தால் காயலான் கடையில் காசு. பித்தளைச் சீவலுக்கு அதைவிட நல்ல விலை. இரண்டையும் கலந்தால் இரும்பு விலைதான். அதோடு டீ கப்பும் எண்ணெய்த் துணியும் சேர்ந்தால் ஒன்றுக்கும் ஆகாது. ஆக, பொருள் குப்பையாகப் பிறப்பதில்லை. நாம் கலக்கிறபோதுதான் குப்பையாகிறது!

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைக் கொண்டு தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தச் சாலைக்கும் பிளாஸ்டிக் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். பி.வி.சி. கலக்கவே கூடாது. சோறு ஒட்டிய பையை வைத்து யார் ரோடு போடுவது?

"நாம பிரிச்சு என்னடா பிரயோஜனம்? லாரியில மொத்தமாத்தானே கொட்டுறாங்க" என்கிறான் என் நண்பன். நியாயமான கேள்விதான். ஆனால் இரும்பு லாரிக்குப் போக வேண்டியதே இல்லையே! அது காயலான் கடைக்குப் போகலாம். டிராயிங் ஷீட்டின் மறுபக்கத்தில் ரஃப் போடலாம். பிறகு பழைய பேப்பர் கடைக்குக் கொடுக்கலாம். விடுதி மெஸ்ஸின் காய்கறிக் கழிவுக்கு எங்க தாத்தாவின் குழி போதும். லாரிக்கு மிஞ்சுவது ஒரு கூடைதான்.

டீ கப் விஷயமும் இருக்கிறது. அது பேப்பர் என்று நினைக்கிறோம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் அதுவும் ஒன்று. கேன்டீனில் எவர்சில்வர் டம்ளர் கேட்க நமக்கு என்ன வெட்கம்?

புதிதாக வரும் பேரவைக்கு என் வேண்டுகோள் மூன்றே மூன்று. ஒவ்வொரு லேத் பக்கத்திலும் எம்.எஸ்., காஸ்ட் அயர்ன், பித்தளை, அலுமினியம் என்று பெயர் எழுதிய தனித்தனி டப்பா. பிராக்டிகல் முடிந்ததும் சீவலை அந்தந்த பேட்ச் மாணவர்களே அள்ளிப் போடும் வழக்கம். பழைய சாமான் விற்ற கணக்கு மாதாமாதம் நோட்டீஸ் போர்டில்.

அந்தப் பணத்தில் முதல் செலவு என்ன தெரியுமா? அக்காவுக்கு ஒரு ஜோடி நல்ல கையுறை. அதுவரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். என் பங்கை நான் இன்றே தருகிறேன். நீங்கள்?

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்