ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புமுன்

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்ப முனையும் இளம் ஆய்வாளர்கள் நம்மிடம் முதலில் கேட்பவை மூன்று: எத்தனை பக்கம், எந்த எழுத்துரு, எப்போது வெளிவரும்? கேட்க வேண்டியவைதாம். ஆயின் இவற்றோடு கட்டுரையைச் செப்பம் செய்யும் பணி முடிந்தது என்று எண்ணுவதை நம்மால் ஏற்க முடியவில்லை. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தபின் எழுத்துருத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது அதனினும் கடினமான வேலை.

மேற்கோளை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் முதலில் அச்சிட்டார். உ.வே.சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வந்தது. வையாபுரிப் பிள்ளை பதிப்பித்த சங்க இலக்கியத் தொகுப்பு 1940இல் வெளியாயிற்று. பின்னர் வந்த மர்ரே எஸ்.ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்துத் தந்தன. இவற்றிடையே பாடவேறுபாடுகள் உண்டு. பாட்டின் எண்ணை மட்டும் இட்டுப் பதிப்பைச் சொல்லாது விட்டால், படிப்பவர் எந்தப் பாடத்தைக் கொண்டு நம் வாதத்தைச் சோதிப்பார்? ஒரே சொல்லைத் தூணாக நம்பி எழுப்பிய வாதம், பாடம் மாறினால் சரிந்துவிடும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற மின்தொகுப்புகள் அடிகளைத் தேடுவதற்குப் பேருதவி புரிகின்றன. தேடிக் கண்ட அடியை அச்சுப் பதிப்போடு ஒருமுறை ஒப்பிடுவது நம் கடமை. பிழையான மேற்கோள் ஒன்று அச்சேறினால், அதனை அடுத்த ஆய்வேடுகள் அப்படியே வழிமொழியும்; பிறகு திருத்துவார் இல்லை.

அடுத்தது முன்னாய்வு. பத்து அறிஞர்களின் பெயர்களை அடுக்கி, 'இவர்களும் ஆய்ந்துள்ளனர்' என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் கூறியது என்ன, எவ்விடத்தில் நாம் வேறுபடுகிறோம் என்று சொல்லும்போதுதான் கட்டுரை தொடங்குகிறது. இக்கட்டுரை எழுதப்படாவிடின் எது தெரியாமற் போகும் என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதிப் பார்க்கலாம். எழுத வரவில்லையெனில், அனுப்பும் காலம் இன்னும் கனியவில்லை என்று கொள்க.

எங்கு அனுப்புவது என்பதும் இப்பணியின் பகுதியே. பல்கலைக்கழக மானியக்குழு 2018 மே மாதத்தில் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அடுத்த ஆண்டு வந்த 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. பட்டியலைக் காட்டித் தப்பிக்கும் வழி அடைபட்டதால், இதழைத் தேரும் பொறுப்பு நம் தோளுக்கு வந்துவிட்டது. பணம் கட்டியதும் சில நாள்களில் ஏற்புக் கடிதம் தந்து, மதிப்பீட்டாளர் கருத்தென ஒருவரிகூட அனுப்பாத இதழை ஆய்விதழ் என்று நாம் கொள்வதற்கில்லை.

வகுப்புச் சுமையும் பதவி உயர்வுக்கான புள்ளிக் கணக்கும் ஆசிரியர்களை எவ்வாறு நெருக்குகின்றன என்பதை அறியாமல் இதனை எழுதவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை மானியக்குழு 2022இல் நீக்கியது. குறைந்தது மாணவர்களையேனும் அவசரப்படுத்தாதிருக்க நெறியாளர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆண்டுக்கு நான்கு கட்டுரைகளை அரைகுறையாக எழுதுவதினும், பதிப்புகளை ஒப்புநோக்கி ஒன்றைச் செம்மையாக எழுதுவது மேல்.

எந்தச் சுவடி எவரிடமிருந்து கிடைத்தது என்பதைச் சாமிநாதையர் தம் முன்னுரைகளில் குறித்து வைத்தார். ஓலையில் இருந்ததைத் தேடித் தந்தவர் அவ்வளவு கணக்குக் காட்டினார். அச்சு நூலை அலமாரியிலிருந்து எடுக்கும் நாம் பதிப்பின் ஆண்டையாவது எழுதலாமே.