ஒரு கியர் பொக்ஸ் மூடியும் நாம் கொடுக்காத சான்றிதழும்



"ஒரு மட்டை மூடி போட ஒரு கிழமையா?"

போன வாரம் நமதூர் கராஜ் ஒன்றில் ஒருவர் இப்படிச் சத்தம் போட்டார். மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றுவதற்காக நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் அங்கே காத்திருந்தோம். ஏச்சு வாங்கியவன் எங்களிடம் படித்த பிள்ளை. சாதாரண தரத்தில் கணிதம் தவறியதும் படிப்பை விட்டவன். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அங்கே நின்றது ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை செய்த, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரை திறக்கும் கார். இதில் கியர் பொக்ஸ் இரண்டு பேருடைய கால்களுக்கும் நடுவே ஒரு மேடுபோல வரும். அதன்மேல் கழற்றி மாட்டும் மூடி ஒன்று உண்டு. மூடியைக் கழற்றினால் எஞ்சினைத் தூக்காமலே கியர் பொக்ஸை காருக்கு உள்ளால் வெளியே எடுக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த மூடியைக் கம்பனி செய்தது அழுத்திய நார் மட்டையில். ஈரம் பட்டால் ஊதும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் போல்ட் ஓட்டை பெரிதாகும், ஓரம் உடையும். இன்று ஓடும் ஸ்பிட்ஃபயர்கள் பலவற்றில் பிளாஸ்டிக்கிலோ பைபரிலோ செய்த மாற்று மூடிதான் இருக்கிறது.

இந்தக் காருக்கு முன்னர் யாரோ ஒரு தகரத்தை வளைத்து நாலு ரிவெட் அடித்து விட்டிருந்தார்கள். பார்க்க மூடிய மாதிரித்தான் இருந்ததாம். ஆனால் ஓடும்போது ஓட்டுபவரின் இடது கால் சுடும். சொந்தக்காரரின் மனைவிக்கு ஒவ்வொரு பயணத்திலும் தலைவலி. கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

அது கடல் காற்று இல்லை. சைலன்சர் குழாய் கியர் பொக்ஸுக்குப் பக்கத்தால்தான் பின்னுக்குப் போகிறது. மூடியில் இடைவெளி இருந்தால் சூடும் புகையும் நேரே உள்ளே வரும். அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலியும் தலைச்சுற்றும் அதன் முதல் அறிகுறிகள். அளவு கூடினால் உயிரையே எடுக்கும். விஞ்ஞானப் பாடத்தில் நாங்கள் கரும்பலகையில் எழுதுகிற அதே வாயுதான்.

பிள்ளை செய்த வேலையைக் கேளுங்கள். முதலில் சைலன்சர் குழாயின் மூட்டைப் பார்த்து, புகை கசிந்த இடத்தைச் சரிசெய்தான். "கசிவ அப்பிடியே வெச்சிட்டு மேல மூடினா அது ஏமாத்து வேல சேர்" என்றான். பிறகு உடைந்த பழைய மூடியின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, பைபர் போட் கட்டும் ஒருவரிடம் கொண்டுபோய் அச்செடுத்தான். வாழைச்சேனை முதல் பேருவளை வரை நம் மீனவர்கள் கடலுக்குப் போவது பைபர் போட்டில்தானே. அதே நார்ப் பாய், அதே ரெசின். போட் கட்டுகிற கைக்கு இந்த மூடி பெரிய காரியமில்லை.

கஷ்டம் பொருத்துவதில்தான். எல்லா ஓட்டையையும் ஒரேயடியாகத் துளைக்கவில்லை. இரண்டை மட்டும் துளைத்து, போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் போட்டுப் பார்த்தான். எஞ்சின் றப்பர் மவுண்டில் ஆடும்போது லீவர் மூடியில் இடிக்காமல் இடம் விட்டான். பிறகுதான் மற்ற ஓட்டைகள். ஓரம் முழுவதும் ஸ்பொஞ்ச் பட்டி ஒட்டினான். ரிவெட் அடிக்காமல் அகலமான வொஷர் வைத்து போல்ட் பூட்டினான். ஏன் என்று கேட்டோம். "நாளைக்கி இதக் கழட்டுற பாஸ் என்ன ஏசப்படாது சேர்" என்றான்.

எல்லாம் முடிந்த மாதிரித் தெரிந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம். பிள்ளை பதில் சொல்லவில்லை. கராஜ் கதவைச் சாத்தி இருட்டாக்கினான். கியர் பொக்ஸுக்குப் பக்கத்தில், மூடிக்குக் கீழே ஒரு லைட்டை வைத்தான். "நானா, உள்ள பாருங்க" என்றான். முன்பக்கச் சுவரோடு மூடி சேரும் இடத்தில் கத்தி அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. சொந்தக்காரர் ஒன்றும் பேசவில்லை. காரை விட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து வந்து எடுத்தார்.

நாங்கள் கேட்பது இதுதான். இந்தப் பிள்ளை எங்கள் வகுப்பறையில் "கவனமில்லாதவன்". அறிக்கை அட்டையில் அப்படி எழுதியவர்கள் நாங்களே. கம்பளத்துக்கு அடியில் போகிற, யாரும் பார்க்காத ஓர் இடத்துக்காக ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றவனை விடக் கவனமான ஆள் யார்? அமானிதம் என்று மிம்பரில் கேட்கிறோமே, அது வேறு என்ன?

அதே பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போனால் "கராஜ்ல நிக்கிறவனா?" என்கிறோம். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தால் காட்டக் கையில் ஒரு தாளுமில்லை. ஆனால் வழி இருக்கிறது. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., பாடநெறி படித்தவர்களுக்கு மட்டுமானதல்ல. வேலை செய்தே பழகியவர்களின் திறமையைச் சோதித்து, முன்கற்றலை அங்கீகரித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் அதில் உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் நைட்டாவிலும் விசாரிக்கலாம். நம் கராஜ்களில் நிற்கும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? தெரிந்தாலும் படிவம் நிரப்பிக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்?

பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கு நாம் பெனர் அடிக்கிறோம். அடிப்போம், அது நல்ல காரியம். அந்தச் செலவில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்குவோம். பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பழைய மாணவர் சங்கத்திடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். கராஜ், வெல்டிங், பைபர், வயரிங் வேலை செய்யும் நமதூர்ப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எடுங்கள். படிவம் நிரப்பும் வேலையை ஆசிரியர்களாகிய நாங்கள் பொறுப்பெடுக்கிறோம். பாடசாலை விட்ட பிறகு, காசு வேண்டாம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பதிவை அவனிடம் காட்டுங்கள். வாகனத்தைக் கராஜில் விட்டவர்கள், பாஸ் "இன்னும் ரெண்டு நாள்" என்று சொன்னால் ஏசுவதற்கு முன்னர் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.

யாரும் பார்க்காத இடத்திலும் ஒழுங்காக வேலை செய்யும் கைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.