வைக்கோற்கூடையும் மாலைச் செபமும்



வெள்ளிமலையில் கதிரவன் மறைந்ததும் குளிர் இறங்கிவிடுகிறது. மரவள்ளிக் காட்டிலும் சாமைக் கொல்லையிலும் பகலெல்லாம் உழைத்த தாய்மார் அந்நேரத்தில்தான் வீடு திரும்புகின்றனர். நாமோ ஆறரை மணிக்குச் செபமாலைக்கு மணியடித்துவிட்டு, அவர்கள் வரவில்லையே என்று மறையுரையிலும் கடிந்துகொண்டோம். ஒருநாள் செபம் முடிந்து இல்லம் ஒன்றைச் சந்திக்கச் சென்றோம். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த தாய் அடுப்பருகே அமர்ந்திருந்தார். கடைக்குட்டி உண்ணாமலே உறங்கிவிட்டிருந்தது. "பானையை யாரிடம் விட்டு வருவது, சாமி?" என்றார் அவர். நம்மிடம் விடை இல்லை.

இதே கேள்வி பிறருக்கும் எழுந்ததுண்டு. யூதர் ஓய்வுநாளில் தீ மூட்டுவதில்லை. ஆதலால் கிழக்கு ஐரோப்பாவில் அவர்கள் பயறும் கிழங்கும் இறைச்சியும் இட்ட கலத்தை வெள்ளிக்கிழமை மாலையே ஊர் ரொட்டிச் சூளையில் வைத்துவிடுவர். மறுநாள் செபக்கூடத்திலிருந்து திரும்புகையில் உணவு பக்குவமாயிருக்கும். லித்துவேனியாவில் தம் முன்னோர் இவ்வாறு சமைத்ததைத் தாயார் சொல்லக் கேட்ட இர்விங் நாக்சன் என்பார், அமெரிக்காவில் மெதுவாய்ச் சமைக்கும் மின்கலம் ஒன்றை அமைத்து 1940-இல் காப்புரிமை பெற்றார். 1971-இல் அது 'கிராக் பாட்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டிலும் 1910-இல் வங்காளத்து மருத்துவர் இந்துமாதவ் மல்லிக், அடியில் கரித்தணலும் மேலே அடுக்குக் கலங்களும் கொண்ட 'இக்மிக் குக்கரை' உருவாக்கினார்.

நம் மலைவீடுகளுக்கு மின்கலம் வேண்டியதில்லை, வைக்கோற்கூடை போதும். இரண்டு தம்ளர் சாமையையும் அரைத் தம்ளர் பாசிப்பருப்பையும் கழுவி அரைமணி ஊறவையுங்கள். ஏழு தம்ளர் நீரில் வெங்காயம், தக்காளி, கீரை, மஞ்சள், உப்புடன் இட்டு, மூடிப் பத்து நிமிடம் நன்கு கொதிக்கவிடுங்கள். பின்னர் மூடியைத் திறவாமல் இறக்கி, அடியில் கங்கு ஒட்டாதபடி துடைத்து, வைக்கோல் நெருக்கி அடைத்த கூடையின் நடுவே புதைத்து, சாக்கும் கம்பளியும் போர்த்துங்கள். ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். இரண்டு மணிக்கு மேல் விடவேண்டாம். இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்கும் உணவு கெடும். மொச்சை, கொள்ளு போன்றவை அடுப்பிலேயே முழுதும் வேகவேண்டியவை. பிள்ளைகள் கேட்கும் பாஸ்தாவும் இவ்வழியில் ஆகும்: கொதிநீரில் இட்டு இரண்டு நிமிடம் கொதித்தபின் மூடிப் பொதிந்தால், கால்மணி நேரம் போதும்.

எனினும் கூடை மட்டும் போதாது. பருப்பை ஊறவைப்பதும் நீர் கொணர்வதும் விறகை உலர்ந்த இடத்தில் சேர்ப்பதும் தாய் ஒருவரின் கடன் அன்று. இரவெல்லாம் வலைவீசிக் களைத்த சீடருக்குத் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து வைத்தவர் உயிர்த்த ஆண்டவர். சமைத்துப் பரிமாறுவது தமக்கு இழிவென்று அவர் எண்ணவில்லை. கணவர்மாரே, நமக்கு மட்டும் அது இழிவாகுமோ?

நாமும் திருந்தவேண்டியிருந்தது. கடிந்துகொண்டதற்காக அத்தாயிடம் மன்னிப்புக் கேட்டோம். செபமாலையை ஏழு மணிக்கு மாற்றினோம். கூடையில் பானையை வைத்துவிட்டுச் செபத்திற்கு வரலாம். திரும்பும்போது சூடான உணவு காத்திருக்கும்.

இவ்வாரம் ஒருநாளேனும் செய்து பாருங்கள். அன்றிரவு தாய் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியே உண்ணாமல், பிள்ளைகளின் நடுவே அமர்ந்து உண்ணட்டும். அந்தப் பந்தியில் ஆண்டவரும் அமர்வார்.