நாவின் முடிச்சும் நெட்டுருவும்

ஆங்கில உரையாடல் தேர்வுகளுக்கான ‘பயன்மிகு சொற்றொடர்கள்’ எனும் பெயரில் கையேடுகள் பல கிடைக்கின்றன. அயல்நாட்டில் மேற்படிப்பை நாடும் நம் மாணவர்கள் அவற்றை இரவு பகலாய் நெட்டுருச் செய்கின்றனர். பல்லாயிரம் ரூபாய்த் தேர்வுக் கட்டணத்தைக் கடன்பட்டுச் செலுத்தும் பெற்றோரும் நம்மிடையே உளர். எனவே இம்முறையின் பயனை ஆராய்வது நம் கடமையாகிறது. சொற்றொடர்களைக் கற்பதில் குற்றமில்லை. அவையே தேர்வை வென்று தரும் என நம்புவதுதான் பிழை என்பது நம் கருத்து.

இத்தேர்வுகள் எதை அளக்கின்றன? ஐ.இ.எல்.டி.எஸ். உரையாடல் தேர்வு 11 முதல் 14 நிமிடங்கள் நடைபெறும். அதன் மூன்று பகுதிகளுள் இரண்டாவதில் ஒரு தலைப்பு தரப்படும். சிந்திக்க ஒரு நிமிடம். பேச இரண்டு நிமிடங்கள் வரை. தடையின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணத் திறன், ஒலிப்பு ஆகிய நான்கிற்கும் சம மதிப்பெண் உண்டு. கேம்பிரிட்ஜ் 1991இல் அறிமுகப்படுத்திய அட்வான்ஸ்டு தேர்விலோ பெரும்பாலும் இருவர் இணைந்து அமர்வர். ஒரு பொருள் குறித்து இருவரும் கலந்துபேசி முடிவு காண வேண்டும். பிறரோடு உரையாடும் பாங்கிற்கென்றே அங்குத் தனி மதிப்பெண் உண்டு.

இங்கே நெட்டுரு எவ்வளவு தூரம் துணைவரும்? ‘ஆன் தி ஒன் ஹேண்ட்’ என்று தொடங்குவது எளிது. ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என மறுபக்கம் திரும்புவதற்குச் சொல்லத்தக்க கருத்தொன்று உள்ளத்தில் இருக்க வேண்டுமன்றோ? மனப்பாடப் பகுதி முடிந்து சொந்தப் பேச்சுத் தொடங்கும் இடத்தில் குரலும் வேகமும் மாறிவிடும். பயிற்சி பெற்ற தேர்வாளர் அதனை எளிதில் கண்டுகொள்வார்.

ஆயினும் கற்கத்தக்க தொடர்கள் சில உண்டு. வினா விளங்காதபோது ‘குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?’ எனக் கேட்கலாம். உடனிருப்பவரைப் பேச அழைக்க ‘வாட் டூ யூ திங்க்?’ உதவும். மாற்றுக் கருத்தைப் பண்போடு உரைக்க ‘ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட்’ எனத் தொடங்கலாம். சொன்னதைத் தெளிவாக்க ‘வாட் ஐ மீன் இஸ்’ எனலாம். இவை கதவின் கீல்கள் போன்றவை. கீலின்றிக் கதவு திரும்பாது; எனினும் கீல்களை மட்டும் வாங்கி வைத்தால் கதவு ஆகிவிடாது.

மூஸா நபி (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் இறைஞ்சியதைத் திருமறை எடுத்துரைக்கின்றது. தம் சொல்லை மக்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவ்வேண்டுதலின் நோக்கம். கேட்போர் உள்ளத்தில் கருத்தைச் சேர்ப்பதே பேச்சின் பயன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? வள்ளுவரும் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் வகுத்தார். அவை கற்பிக்கும் திறன்கள் எம்மொழியில் பேசுவோருக்கும் உரியன. தாய்மொழியில் ஒரு கருத்தைக் காரணகாரியத்தோடு இரண்டு நிமிடங்கள் விளக்க இயலாதவர்க்கு, அயல்மொழியில் அது கைகூடுவது எங்ஙனம்?

ஆதலின் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் இணைந்து வாரந்தோறும் ஒரு சொல்லரங்கம் நடத்துதல் நன்று. ஒரு நிமிடம் சிந்தித்து, இரண்டு நிமிடங்கள் முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் மாணவர் பேசட்டும். கேட்போர் வினாத் தொடுக்கட்டும். ஊர்ப் பெரியோரும் வந்தமர்ந்து ஊக்கமளிக்கட்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஓர் அறையும் ஒரு மணி நேரமும் போதும்.

முதல் முயற்சியில் தோற்போர் துவள வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜ் 1913இல் தன் முதல் ஆங்கிலப் புலமைத் தேர்வை நடத்தியபோது எழுதியவர் மூவர், மூவருமே தேறவில்லை. மாணவச் செல்வங்களே! சொற்றொடர்களைச் சேருங்கள்; அவற்றினும் மிகுதியாகச் சிந்தனையைச் சேருங்கள். சிந்தனை தெளிந்தால் நாவும் தெளியும்.